திருப்பி அனுப்பியவரை நம்புங்கள்!

(தலைப்பு: செல்ல நாயைப் பகல் காப்பகத்தில் விடுவோர் பெரிதும் பார்க்க வேண்டியது இடத்தின் வசதியையா? பார்த்துக்கொள்ளும் ஆளையா? 'ஆளையே' என்னும் அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு காப்பகத்தை வர்ணித்தார் பாருங்க! ஏ.சி. அறை, குட்டி நீச்சல் குளம், பிறந்தநாளுக்குக் கேக், நாள் முழுக்கக் கேமரா. கேட்கக் கேட்க எனக்கே ஆசை வந்துட்டுது. அடுத்த பிறவியில் நாயாய்ப் பிறந்தால் என்ன? (சிரிப்பு) வீட்டில் சொன்னால், 'அடுத்த பிறவி வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?'னு கேப்பாங்க. (பலத்த சிரிப்பு)

அந்தக் காலத்தில் நாய்க்கு ஏது காப்பகம்? வீடே காப்பகம்தான். திண்ணையில் தாத்தா, அடுப்படியில் பாட்டி, வாசலில் நாலு பிள்ளைங்க. இன்னைக்குக் கணவன், மனைவி ரெண்டு பேருக்கும் ஆபீஸ். நாலாவது மாடியில், பூட்டிய வீட்டுக்குள், பத்து மணி நேரம் ஒரு ஜீவன் கதவையே பார்த்துக்கிட்டுக் கிடக்கு. ஆகவே காப்பகம் தேவைதான். அதில் எங்களுக்கும் எதிரணிக்கும் சண்டை இல்லை. எதை வைத்து நம்புவது என்பதுதான் வழக்கு.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறோம். டீச்சர் ஒரு அதட்டு அதட்டினால் சாயங்காலம் வந்து சொல்லிடும். நாய் சொல்லுமா? 'தண்ணி வைக்கலை'ன்னு சொல்லுமா? 'பெரிய நாய் கடிச்சப்போ அங்கே யாருமே இல்லை'ன்னு சொல்லுமா? புகார் கொடுக்க முடியாத ஓர் உயிரை, நடுவர் அவர்களே, முன்பின் தெரியாத கையில் கொடுக்கிறோம். அந்தக் கை எப்படிப்பட்டது என்று பார்க்காமல், சுவருக்கு என்ன கலர் அடிச்சிருக்கான்னு பார்த்தால் எப்படி?

எங்கள் தெருவில் ஒரு தம்பி. லேப்ரடார் நாய் வைத்திருக்கிறார். இரண்டு காப்பகங்களுக்குப் போனார். முதல் இடம் பளபளன்னு இருந்தது. பத்தே நிமிஷம், பாரம் நிரப்பினாங்க, பணம் கட்டச் சொன்னாங்க. நாய் பேர் என்னன்னுகூடக் கேட்கலை. இரண்டாவது இடம் பழைய வீடு, பின்னால் வேப்ப மரம். அங்கே ஓர் அம்மா தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, 'வெறிநோய் ஊசிக்குத் தேதி முடிஞ்சு போச்சு தம்பி. ஊசி போட்டுட்டு, டாக்டர் எப்போ விடலாம்னு சொல்றாரோ அப்போ கூட்டிட்டு வாங்க'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. தம்பிக்குக் கோபம். 'பணம் கொடுக்க வந்தவனையே வாசலோட அனுப்பிட்டாங்க சார்!' நான் சொன்னேன், 'தம்பி, அதுதான் நீங்க தேடுற இடம்!' (கைதட்டல்)

ஏன்? உங்க நாயைத் திருப்பி அனுப்புகிறவர், நாளைக்கு ஊசி போடாத இன்னொரு நாயையும் திருப்பி அனுப்புவார். அதுதான் உங்க நாய்க்குப் பாதுகாப்பு. வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் நாயானாலும் மனிதனானாலும் பிழைப்பது அரிதிலும் அரிது. பார்வோ என்றொரு வைரஸ், குட்டிகளுக்குக் கழிச்சலும் வாந்தியும் கொடுத்து உயிரை எடுக்கிறது. நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறி, தரையில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். பளிங்குத் தரை என்றால் தயங்குமா? நாய்கள் நெருங்கி இருக்கும் இடத்தில் தொற்று இருமல் காற்றிலேயே பரவும். இதையெல்லாம் தடுக்கிற முதல் வேலி காம்பவுண்டு சுவர் அல்ல. தடுப்பூசி அட்டையைக் கேட்கிற ஒரு மனிதர்!

எதிரணி ஏ.சி. என்றது. சரி. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். பக் மாதிரி மூக்குச் சப்பையான நாய்க்கு அதுவும் சிரமம். அதன் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். சென்னையில் மே மாதம், நண்பகல், மின்சாரம் போச்சு. அப்போ அந்த மூடிய அறையைத் திறக்கப் போவது ஏ.சி.யா, ஆளா? (கைதட்டல்)

கேமரா என்றார்கள். கேமரா பார்க்கும், ஓடி வராது. இரண்டு நாய் சண்டை போடுவதை நீங்க ஆபீஸில் உட்கார்ந்து அழகாப் பார்க்கலாம். விலக்கி விடுவது யார்?

ஆகவே தாய்மார்களே, போனதும் இதைக் கேளுங்கள். ஒரே ஆள் எத்தனை நாயைப் பார்க்கிறார்? பெரிய நாயையும் சின்ன நாயையும் தனித்தனியே விடுகிறார்களா? ஒன்று திறந்தால் மற்றொன்று மூடியிருக்கும்படி வாசலுக்கு இரண்டு கதவு உண்டா? அவசரத்துக்கு எந்த டாக்டர், எவ்வளவு தூரம்? சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போய் நில்லுங்கள். 'உள்ளே வரக் கூடாது' என்று மழுப்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி விடுங்கள். நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தால் அது காப்பகமே அல்ல. அளவுக்கு மீறிக் கட்டிப் போடுவதை 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமே கொடுமை என்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள்: அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள்? என்ன சாப்பிடும், இடியென்றால் பயப்படுமா, முன்னே யாரையாவது கடித்திருக்கிறதா, என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது? கேட்கிறவருக்குத்தான் அக்கறை. திராட்சையும் வெங்காயமும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம் என்று தெரிந்தவர் பிறந்தநாள் கேக்கைக் காட்டி உங்களை மயக்க மாட்டார்.

அந்தத் தம்பி ஊசி போட்டு, டாக்டரையும் கேட்டு, நாயைக் கொண்டுபோய் விட்டார். மூன்றாம் வாரம் மதியம் போன் வந்தது. 'தம்பி, காதைத் தொட்டா முகத்தைத் திருப்பிக்குது. சாப்பாட்டிலேயும் மனசில்லை. டாக்டரிடம் காட்டுங்க.' பார்த்தால் காதுக்குள்ளே சீழ். வீட்டிலேயே யாரும் கவனிக்கவில்லை! எந்த நீச்சல் குளமய்யா போன் போட்டுச் சொல்லும்? (பலத்த கைதட்டல்)

மகாபாரதத்தில் தருமர், கூட வந்த நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்குள் வர மாட்டேன் என்று இந்திரனிடமே மறுத்தார். இந்திரலோகத்தை விட வசதியான இடம் உண்டா? அவர் வசதியைப் பார்க்கவில்லை. தன்னை நம்பி வந்த உயிரைப் பார்த்தார். அந்த நாய் தரும தேவதை. அது அவருக்கு வைத்த பரீட்சை. நம் வீட்டு நாயும் நமக்கு ஒரு பரீட்சைதான்.

தமிழ் வாத்தியார், சொல்லைப் பிரிக்காமல் போக மாட்டேன். காப்பு, அகம், காப்பகம். அகம் என்றால் வீடு என்றும் பொருள், மனம் என்றும் பொருள். எதிரணி வீட்டைப் பார்க்கச் சொல்கிறது. நாங்கள் மனத்தைப் பார்க்கச் சொல்கிறோம். இன்னும் சந்தேகம் இருந்தால் நாயையே கேளுங்கள். நாலைந்து நாள் போய் வந்த பிறகும், அந்த வாசலைக் கண்டதும் வாலை ஆட்டி முன்னே ஓடுகிறதா? காலை ஊன்றிப் பின்னே இழுக்கிறதா? பேசத் தெரியாதுதான், தீர்ப்புச் சொல்லத் தெரியும். அந்தத் தீர்ப்பையே நடுவர் அவர்களும் வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)