அச்சுக்காரர் வில்லியம் வார்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



'வேலையும் வீடும்' பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். உபதேசம் செய்ய எனக்குத் தகுதி கிடையாது. வீட்டில் கேட்டால் தெரியும்! அதனால் உழைப்பாளி, குடும்பஸ்தர், தன் பாப்டிஸ்ட் சபைக்கு உண்மையாக இருந்தவர் என்று மூன்று வகையிலும் பேர் சொல்லத்தக்க ஒருவரை நினைவுகூர்கிறேன். அவர் வில்லியம் வார்டு.

நம்ம காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஊர். பக்கத்துத் தரங்கம்பாடி 1845 வரை டேனிஷ்காரர் ஊர். வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையிலும் இதே கதைதான். சந்தன்நகர் பிரெஞ்சு, செராம்பூர் டேனிஷ். மிஷனரிகளை உள்ளே விடக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மனமில்லை. ஆகவே 1799-இல் கப்பலில் வந்த வார்டு, டேனிஷ் கொடியின் கீழ் செராம்பூரில் தங்கினார். முப்பதை எட்டிக்கொண்டிருந்த வயது. இங்கிலாந்தின் டெர்பியில் பிறந்து அச்சுத் தொழில் கற்றவர்.

வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மன் குடும்பங்களோடு கூட்டுக்குடும்ப வாழ்க்கை. ஒரே பந்தி, ஒரே பணப்பெட்டி. சக ஊழியர் ஒருவர் இறந்துபோக, அவருடைய விதவையை வார்டு 1802-இல் மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள். பகலெல்லாம் அச்சுக்கூடம், மற்ற நேரம் பிரசங்கமும் சபை வேலையும். இத்தனைக்கும் நடுவில் அந்த வீட்டில் ஒரு விதி இருந்தது. சனிக்கிழமை மாலை எல்லோரும் கூடி உட்கார்ந்து, அந்த வாரத்து மனத்தாங்கல்களைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவரையொருவர் நேசிப்போம் என்று மறுபடி உறுதி சொல்ல வேண்டும். இந்த விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1812 மார்ச் 11, மாலை. 200 அடி நீள அச்சுக்கூடத்தில் தீ. வார்டு என்ன செய்தார் தெரியுமா? கதவு ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொன்னார். காற்று போகாவிட்டால் தீ அடங்கும், நாம் லேபில் படித்ததுதான். கூரையைத் துளைத்துச் சுமார் நான்கு மணி நேரம் தண்ணீர் ஊற்றினார்கள். தீ கிட்டத்தட்ட அடங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து யாரோ ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். நள்ளிரவில் கூரையே விழுந்தது.

காகிதம் போச்சு. கேரி பல வருஷம் எழுதிய அகராதிக் கையெழுத்துப் பிரதி போச்சு. பல மொழிகளின் ஈய எழுத்துகள் உருகிப் போயின, நம் தமிழ் எழுத்துகளும் அதில் அடக்கம். தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் வந்த 1712-க்குச் சரியாக நூறு வருஷம் கழித்து!

மறுநாள் சாம்பலைக் கிளறினார்கள். எழுத்து வார்ப்பதற்கு மூலமான எஃகு பஞ்ச்சுகள் பத்திரமாகக் கிடைத்தன. ஈயம் 327 டிகிரியில் உருகும், எஃகுக்குச் சுமார் 1500 வேண்டும். அச்சு இயந்திரங்களும் ஐந்து தப்பியிருந்தன. உருகிய ஈயத்தைத் திரட்டி, அதே பஞ்ச்சுகளைக் கொண்டு வார்டும் தொழிலாளிகளும் திரும்ப எழுத்து வார்க்கத் தொடங்கினார்கள். சில வாரங்களில் அச்சு மறுபடி ஓடியது.

இந்து சமயம் பற்றி வார்டு எழுதிய நூலில் கடுமையான பார்வை உண்டு. அதை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த மார்ச் 12-ஆம் தேதிக் காலையில் வேலைக்கு வந்த மனிதரை என்னால் வணங்காமல் இருக்க முடியவில்லை.

ஏன் சொல்கிறேன்? ஒருமுறை என் கம்ப்யூட்டர் பழுதாகி இரண்டு மாத டிராயிங் அழிந்துபோனது. கையால் எழுதிய சர்வே நோட்டு இருந்ததால் திரும்பப் போட்டுவிட்டேன். அதே இரண்டு மாதத்தில் என் மகள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நான் பார்க்கவில்லை. அதற்கு எந்த நோட்டிலிருந்து காப்பி எடுப்பது?

பிறகு வேலை விஷயமாகக் கொல்கத்தா போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹவுராவில் லோக்கல் ரயில் ஏறி செராம்பூர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் அங்கேதான் இருக்கிறார்கள். அங்கே நின்றபோது அந்தச் சனிக்கிழமை மாலை விதிதான் நினைவுக்கு வந்தது. டிராயிங்கும் புராஜெக்டும் ஈயம். உருகினால் திரும்ப வார்க்கலாம். வீட்டில் மனம்விட்டுப் பேசும் அந்த ஒரு மாலைதான் பஞ்ச். அது தொலைந்தால் எதை வைத்து வார்ப்போம்? இப்போது எங்கள் வீட்டிலும் சனிக்கிழமை மாலை போனை அலமாரியில் வைத்துவிடுகிறோம். முதல் வாரம் என்மேல் வந்த புகார்கள் மட்டும் பதினொன்று!

இன்னொன்று. 1818-இல் செராம்பூர் கல்லூரி தொடங்கியதும், அதற்கு நிதி திரட்ட வார்டு இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனார். 1821-இல் திரும்பினார். 1823 மார்ச் 7-இல் காலராவில் காலமானார், வயது 53. அந்தக் கல்லூரி இன்றும் நடக்கிறது. தனக்குப் பின்னால் படிக்க வரும் பிள்ளைகளுக்காக அவர் கப்பலேறிப் போய்க் கை நீட்டினார். நாம் பஸ் ஏறி இங்கே வந்திருக்கிறோம். கையை நீட்ட வேண்டாம், பைக்குள் விட்டால் போதும் என்று பொருளாளர் அண்ணன் சைகை காட்டுகிறார்.

 இன்று சனிக்கிழமை. சாயங்காலத்துக்குள் வீடு போய்ச் சேருங்கள்.