ஆங்கிலச் சொன்மயக்கம்

(உத்திரமேரூரில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஓர் ஆங்கிலச் சொல்லை மற்றொன்றாகக் கொண்டு மயங்கும் வழக்கத்தைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். தமிழாசிரியர்க்கு ஆங்கிலத்தில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். அம்மொழியைப் பயிலாதார் கையெழுத்திடும் தாள்களிலும் அம்மொழிச் சொற்களே மலிந்துள்ளன. அம்மயக்கத்தை நீக்கும் திறவுகோல் நம் தமிழறிவே என்பது எமது துணிபு.

மயக்கம் மூவகைப்படும். முதலாவது ஒலியால் வருவது. ஆங்கிலம் வேறு வேறு எழுத்தால் காட்டும் ஒலிகள் பலவற்றை நாம் பகரம் ஒன்றாலேயே எழுதுகின்றோம். ஆதலின் நீதிமன்றத்தில் பெறும் 'பெயில்', தேர்வில் ஆகும் 'பெயில்' இரண்டும் நம் எழுத்தில் ஒன்றாகின்றன. முன்னது பிணை, பின்னது தோல்வி. 'பிரின்சிபல்' என்பதோ ஆங்கிலத்திலேயே ஒலியால் ஒன்று, எழுத்தால் இரண்டு. அவற்றுள் ஒன்று கொள்கையைக் குறிக்கும். மற்றொன்று கல்லூரித் தலைவரையும், வட்டி நீங்கிய கடன் தொகையையும் குறிக்கும். தமிழிலும் அவர் முதல்வர், அது முதல். இவ்வொப்புமையை உணர்ந்தார்க்கு அச்சொல் மறவாது.

இரண்டாவது வினையால் வருவது. 'லெண்ட்', 'பாரோ' இரண்டிற்கும் 'கடன்' என்றே பொருள் எழுதி மாணாக்கர் மயங்குவர். முன்னது கடன் கொடுத்தல், பின்னது கடன் கொள்ளல் என வினையொடு கூட்டி உரைப்பின் ஐயமில்லை. 'ரைஸ்' தன்வினை, 'ரெய்ஸ்' பிறவினை. ஞாயிறு எழும்; கொத்தர் சுவர் எழுப்புவர். 'லேர்ன்' கற்றல், 'டீச்' கற்பித்தல்.

மூன்றாவது பொருளால் வருவது. கேடு மிக்கதும் இதுவே. நம் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயிற் கல்வெட்டுக் கூறும் குடவோலை முறையைப் பலர் 'எலெக்ஷன்' என்பர். எலெக்ஷனாவது வாக்களித்துத் தேர்தல். குடவோலையோ, தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவன் கையால் எடுப்பித்த திருவுளச்சீட்டு. முதற் பராந்தகன் காலத்தில் 919ஆம் ஆண்டு முதல் விதி எழுந்தது. அதில் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்தது. 921இல் அதனைத் திருத்தி, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என வரையறுத்தனர். ஓலை குடத்திற் புகுமுன் தகுதியைச் சொல்லால் வரையறுத்தமை நோக்கற்பாலது.

இனி வீட்டைக் காக்கும் சொற்களைக் காண்போம். 'விட்னஸ்' என்பவர் சாட்சி; கையெழுத்து இடப்பட்டதற்குச் சான்று, அவ்வளவே. 'ஷூரிட்டி' என்பவரோ பிணை நிற்பவர். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, மாறான உடன்படிக்கை இல்லாதவிடத்து, கடன்பட்டவர்க்குள்ள பொறுப்பு முழுவதையும் பிணையாளர்மேலும் சுமத்துகின்றது. சாட்சி என்றெண்ணிப் பிணைக்குக் கையெழுத்திட்டவர் தம் நிலத்தையும் இழக்க நேரும்.

அங்ஙனமே 'நாமினி' வேறு, 'லீகல் ஏர்' எனப்படும் வாரிசு வேறு. வங்கியில் இட்ட பணத்தை நாமினி பெற்றுக்கொள்ளலாம். பெறுதலாலேயே அது அவர் உடைமை ஆகாது, வாரிசுகட்கே உரியது. உச்ச நீதிமன்றம் 2010இல் இதனைத் தெளிவுபடுத்திற்று. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெற்றோர், வாழ்க்கைத்துணை, மக்கள் ஆகியோர் நாமினியாயின் பயனும் அவர்க்கே. இவ்வேறுபாடு அறியாமையால் உடன்பிறந்தார் வழக்காடிப் பகைத்தல் வேண்டுமோ?

ஆதலின் அன்பர்களே! ஆங்கிலத் தாள் கைக்கு வந்தால், 'இச்சொல்லுக்குத் தமிழ் யாது?' என்று கேளுங்கள். பொருள் விளங்கும்வரை எழுதுகோலைத் தொடாதீர்கள். இதனை வினவ நாணுதல் வேண்டா. படித்த இளைஞர்கள் தம் வீட்டு முதியோர்க்கு அத்தாள்களைப் படித்துப் பொருள் கூறுதல் கடமையாம். கல்வி அதற்கன்றோ பெற்றோம்?