கூடைப்பந்தும் ஒரு தாயின் கேள்வியும்



போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி வந்து, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற அந்தமான் தலைநகரை அடுத்து உள்ளது பத்துபஸ்தி. நாம் குடியிருக்கும் ஊர் அது. தமிழும் வங்காளமும் தெலுங்கும் இந்தியும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கக் கேட்கலாம். ஆண்டிற் பாதிக்கு மேல் மழைக்காலம். அத்தகைய மழை சற்றே விட்டிருந்த ஒரு மாலையில், அண்டை வீட்டு அம்மையார் தம் மகளையும் அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். பதின்மூன்று வயதுப் பெண். கக்கத்தில் ஒரு கூடைப்பந்து இருந்தது.

"படிப்பிலே குறையில்லை, ஐயா. ஆனால் பந்தை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். சென்னையிலே விடுதியில் சேர்த்துவிடு என்று பிடிவாதம். பந்தாடிப் பிழைத்த பெண் எவளாவது உண்டா? நீங்களே சொல்லுங்கள்" என்றார் அம்மையார்.

உண்டு என்று உடனே சொல்லிவிட்டோம். ஆயினும் உண்டு என்பதோடு நிறுத்திக்கொண்டால் அது பொறுப்பான விடையாகாது. பெற்ற மகளைக் கடல் கடந்து அனுப்பலாமா என்று எண்ணும் தாய்க்கு முழுக் கணக்கையும் காட்டுதல் வேண்டும். அன்று அவருக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்கிறோம். மும்பையிலோ டில்லியிலோ பெங்களூரிலோ இருக்கும் தமிழ்க் குடும்பங்களிலும் இதே கேள்வி எழாமலா இருக்கும்?

நாம் முதலில் எடுத்துரைத்த பெயர் அனிதா பால்துரை. 1985ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் பிறந்த சென்னைப் பெண். 2000 முதல் 2017 வரை பதினெட்டு ஆண்டு இந்திய அணிக்கு ஆடியவர். பத்தொன்பதாம் வயதிலேயே அணித் தலைவியானார். ஆசியக் கூடைப்பந்து வாகைப் போட்டிகளில் ஒன்பது முறை கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண் என்னும் சிறப்பும் அவருக்கு உண்டு. தேசியப் போட்டிகளில் அவர் பெற்ற பதக்கங்கள் 30. 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது.

பத்தொன்பது வயது என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் அந்த வயதுப் பெண்ணைக் கடைக்குத் தனியே அனுப்பவும் தயங்குகிறோம். அனிதாவோ தம்மினும் மூத்த ஆட்டக்காரிகளுக்கு நடுவே நின்று, யார் எங்கே நிற்பது, யாருக்குப் பந்தைக் கொடுப்பது என்று சொல்லவேண்டிய நிலையில் இருந்தார். கூடைப்பந்தில் சிந்திக்க நேரம் கிடையாது. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் பத்துப் பேர் ஓடுகிறார்கள். பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். வளையமோ தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் ஒரு வரமே. ஆனால் உயரம் மட்டும் இருந்து கால் ஓடாவிட்டால் பயன் ஏது?

இவ்வாட்டம் 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் குளிர்காலத்துக்கென வகுத்தது. அடுத்த ஓராண்டுக்குள் செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை அதைப் பெண்கள் கல்லூரியில் ஆடவைத்துவிட்டார். ஆகவே இதைப் பெண்கள் பின்னாளில் கடன் வாங்கிய ஆட்டம் என்று எவரும் சொல்ல முடியாது. சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் என்பார் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி, இத்தகைய ஆட்டங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர்களைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிற்று. அனிதா போன்றோர் வெற்றுத் தரையில் முளைத்தவர் அல்லர் என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டோம்.

இனிப் பிழைப்புக்கு வருவோம். அம்மையார் கேட்டதும் அதைத்தானே! நம் நாட்டில் பெண்கள் கூடைப்பந்துக்கு ஊதியம் தரும் தொழில்முறைப் போட்டி நிலைபெற்றதில்லை. சோறு போட்டது ரயில்வே. விளையாட்டில் தகுதி காட்டியவர்களுக்கு அங்கே வேலை உண்டு. அனிதா தென்னக ரயில்வேயில் பணிபுரிந்தவர். பெண்கள் தேசியப் போட்டிகளில் ரயில்வே அணியே பெரும்பாலும் வென்று வந்திருப்பதன் காரணமும் இதுவே. மாதச் சம்பளம் உறுதியாக இருந்தால்தான் காலையில் கவலையின்றி ஓட முடியும்.

அனிதா பிறந்து எட்டே நாளில், கேரளத்தில் பிறந்தவர் கீது அன்னா ஜோஸ். அவரும் தென்னக ரயில்வேயில் இருந்து ஆடியவரே. 2006இல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்குச் சென்று ஆடினார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைப் போட்டியின் மூன்று அணிகள் அவரை வரவழைத்துச் சோதித்தன. இடம் கிடைக்கவில்லை. இதையும் அம்மையாரிடம் மறைக்காமற் சொன்னோம். இந்தியாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரிக்கே அந்த வாயில் திறக்கவில்லை என்றால், அங்குள்ள தரம் எத்தகையது என்பது விளங்கும்.

அந்த வாயில் யாருக்குத் திறக்கிறது? பிரெஞ்சுப் பெண் டொமினிக் மலோங்காவைப் பாருங்கள். 2005இல் காமரூன் நாட்டில் பிறந்து பிரான்சில் வளர்ந்தவர். உயரம் 1.98 மீட்டர். தாயாரும் கூடைப்பந்து ஆடியவரே. பாரிஸில் அரசு நடத்தும் விளையாட்டுக் கல்வி நிலையத்தில் படிப்பும் பயிற்சியும் ஒருங்கே பெற்றார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரெஞ்சு அணியில் இடம்பெற்றபோது வயது பதினெட்டு. இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 67, பிரான்சு 66. கடைசி நொடியில் பிரெஞ்சு வீராங்கனை கேபி வில்லியம்ஸ் எறிந்த பந்து வளையத்துள் விழுந்தது. ஆனால் அவர் காற்பெருவிரல் கோட்டை மிதித்திருந்ததால் மூன்று புள்ளிக்குப் பதில் இரண்டே கிடைத்தன. ஒரு விரலளவில் போயிற்று சமநிலை! மறு ஆண்டு ஏப்ரலில் நடந்த தேர்வில், சியாட்டில் அணி மலோங்காவை இரண்டாவதாகத் தேர்ந்துகொண்டது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

அனிதாவுக்கும் பத்தொன்பது, மலோங்காவுக்கும் பத்தொன்பது. ஒருவரிடம் மற்றவரை விட மிகுதியாக இருந்தது முயற்சி என்று நாம் நம்பவில்லை. பள்ளியும் களமும் மருத்துவரும் ஒரே மதிலுக்குள் கிடைத்தன, வேறுபாடு அங்கேதான்.

அனிதாவின் வாழ்வில் நாம் பெரிதும் மதிப்பது பதக்க எண்ணிக்கையை அன்று. தாயான பின்னரும் அவர் களத்துக்குத் திரும்பினார். பிள்ளை பெற்ற உடலைப் பழைய ஓட்டத்துக்குக் கொணர்வது எளிதா? 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில், இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்ற கணக்கில் வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தது. அந்த அணியில் அனிதாவும் இருந்தார். இதைக் கேட்டபோதுதான் அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கலியாணத்துக்கு அப்புறமுமா?" என்றார். ஆம் என்றோம்.

"அதெல்லாம் பெரிய ஊர்ப் பெண்கள். நம் தீவிலிருந்து யார் போனார்கள்?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. அதற்கும் விடை இருந்தது. நிக்கோபாரைச் சேர்ந்த டெபோரா ஹெரால்டு, 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது ஒன்பது வயதுச் சிறுமி. மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பியவர். பின்னாளில் மிதிவண்டி விரைவோட்டத்தில் இந்தியாவுக்காகப் போட்டியிட்டு, ஆசிய அளவில் பதக்கங்கள் வென்றார். ஆட்டம் வேறு, ஆனால் கடலைக் கடந்து போய்த்தான் அவரும் பயிற்சி பெற்றார்.

அதுவரை வாய் திறவாதிருந்த சிறுமி அப்போது மெல்லக் கேட்டாள்: "ரயில்வே வேலைக்குக் கணக்கும் வேண்டுமா?" அவளுடைய கணக்கு மதிப்பெண் எத்தகையது என்பது தாயார் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது.

நாம் ஒரு தாளை எடுத்து, விடுதியைப் பற்றி அவர்கள் விசாரிக்க வேண்டியவற்றை எழுதிக் கொடுத்தோம். பள்ளி எவ்வளவு தொலைவு? பெண்களுக்குப் பெண் காப்பாளர் உண்டா? முழங்கால் பிசகினால் பார்க்கும் மருத்துவர் யார்? மழைநாளில் கூரையுள்ள களம் உண்டா? பயிற்சி பெறும் பெண்களில் எத்தனை பேர் பள்ளியிறுதி வரை தேறினார்கள்? இக்கேள்விகளுக்கு நேரான விடை தராத இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னோம்.

அம்மையார் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். வாயிலைக் கடக்கும்போது திரும்பி, "சென்னைக்குக் கப்பலில் மூன்று நாளாகுமே, விடுமுறைக்கு டிக்கெட் எப்போது கொடுக்கத் தொடங்குவார்கள்?" என்று கேட்டார். சிறுமி அதற்குள் தெருவுக்குப் போய், ஈரத் தரையில் பந்தைத் தட்டத் தொடங்கியிருந்தாள்.