கால் சாய்ந்தால் கனமான ஷூதானா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் என்னை வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசச் சொன்னார். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். நான் ஓட்ட ஷூவைப் பற்றிப் பேச அனுமதி வாங்கிக்கொண்டேன். காரணம் உண்டு. இன்று காலை நம் மைதானத்தில் சில மாணவர்கள் காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு தம்பி மட்டும் ஓரமாக உட்கார்ந்து, கால் எலும்பின் உள்ளோரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "என் கால் உள்பக்கமா சாயுதாம்ணே. கடையில இதைத்தான் போடணும்னாங்க. அப்பா ஏழாயிரம் குடுத்து வாங்கினாரு" என்றான். ஷூவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். செங்கல் மாதிரி இருந்தது.

என் பாதங்களும் அதே ரகம்தான். ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கால் உள்பக்கம் சாய்வது நோயல்ல. ஓடும்போது பெரும்பாலோருக்குக் குதிகாலின் வெளி ஓரம் முதலில் தரையைத் தொடும். பிறகு பாதம் உள்பக்கமாக உருண்டு, நடுவில் இருக்கும் வளைவு தாழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். லாரிக்கு ஸ்பிரிங் பட்டை செய்கிற வேலை இது. இதற்குப் பெயர் ப்ரொனேஷன். அளவுக்கு மேல் உருண்டால் ஓவர்-ப்ரொனேஷன். அப்போது கால் எலும்பும் கூடவே உள்பக்கம் திருகும். பாத வளைவைத் தாங்கிப் பிடிக்கும் தசைக்கு வேலை கூடும்.

இதனால் காயம் வருமா? டென்மார்க்கில் புதிதாக ஓட ஆரம்பித்த 927 பேருக்கு ஒரே மாதிரி சாதாரண ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். 2014இல் வெளியான முடிவு, பாதம் சாய்பவர்களுக்குக் காயம் அதிகம் இல்லை என்றது. அதற்காக, தாங்கும் ஷூவே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. லக்சம்பர்க்கில் 372 பேரை ஆறு மாதம் கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், பாதம் சாய்பவர்களுக்குத் தாங்கும் ஷூ காயத்தைக் குறைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: வலியே இல்லாமல் ஓடுகிறவன், கடையில் யாரோ பயமுறுத்தினார்கள் என்று ஷூவை மாற்ற வேண்டியதில்லை. வலி இருந்து, சாய்வும் நன்றாகத் தெரிந்தால் தாங்கும் ஷூவை முயன்று பார்க்கலாம். எலும்பில் ஒரே இடத்தைத் தொட்டால் சுருக்கென்று வலிக்கிறதா, ராத்திரி படுத்தாலும் வலிக்கிறதா, அப்போது ஷூ கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

இனி எடைக் கணக்கு. ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் ஓட்டத்துக்கான சக்திச் செலவு சுமார் 1 சதவீதம் கூடுகிறது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 3000 மீட்டர் ஓடவிட்டுப் பார்த்தபோது, 100 கிராமுக்கு 0.78 சதவீதம் வேகம் குறைந்தது. 7 நிமிடம் என்பது 420 விநாடி. அதில் 0.78 சதவீதம் மூன்று விநாடிக்கு மேல் வருகிறது. நம் தம்பி 6 நிமிடம் 58 விநாடியில் ஓடக்கூடியவன் என்றால், அந்தச் செங்கல்லே அவனைத் தேர்வுக்கு வெளியே நிறுத்திவிடும்.

"தாங்கணும்னா கனமாத்தானே இருக்கும்?" என்பீர்கள். முன்பு அப்படித்தான். உள்பக்கம் மட்டும் கெட்டியான ஈ.வி.ஏ. நுரையை வைப்பார்கள். பழைய ஷூக்களில் சாம்பல் நிறத் துண்டாகத் தெரியும். கெட்டி நுரை, கனம் கூடிய நுரை. இப்போது பொருளைக் கூட்டாமல் வடிவத்தை மாற்றுகிறார்கள். அடிப்பாகத்தை அகலமாக்குவது, கால் கிண்ணத்துக்குள் உட்காருவது போல் ஓரங்களை உயர்த்துவது. ஸ்டூலுக்குக் காலை அகட்டி வைத்தால் ஆடாது, அவ்வளவுதான். 1993இல் வந்த ஏசிக்ஸ் ஜெல்-கயானோ, தாங்கும் ஷூ என்றாலே நினைவுக்கு வருவது. அதன் முப்பதாவது மாடலில், 2023இல், அந்தக் கெட்டித் துண்டையே எடுத்துவிட்டார்கள். புரூக்ஸ் அட்ரினலின் அதற்கு முன்பே எடுத்துவிட்டது. கயானோ இன்றும் லேசு இல்லை, ஒன்று 300 கிராமை ஒட்டி வரும். ஹோகா அராஹி, சாக்கனி கைடு போன்றவை அதைவிட லேசு. எங்கள் ஊர்க் கடைகளில் இவை எல்லாம் கிடைக்காது. கிடைப்பதில் பார்த்து எடுக்க வேண்டியதுதான்.

எப்படிப் பார்ப்பது? ஒரே நம்பரில் இரண்டு ஷூவைத் தராசில் வைத்துப் பாருங்கள். அண்ணாச்சி கடைத் தராசு போதும். பிறகு ஈரத் துண்டைப் பிழிகிற மாதிரி ஷூவைத் திருகிப் பாருங்கள். நடுவில் துவண்டால் வேண்டாம். குதிகால் பின்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், மடங்கக் கூடாது. லேசாக இருக்கிறது என்று பஞ்சு மெத்தை மாதிரி நுரையை எடுத்துவிடாதீர்கள். சாயும் கால் அதன் உள்ளோரத்தைச் சீக்கிரமே நசுக்கிவிடும். சாயங்காலம் கடைக்குப் போங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

ஈரப் பாதத்தைத் தரையில் வைத்து அச்சு பார்க்கும் சோதனையை நான் நம்புவதில்லை. அது நிற்கிற பாதத்தின் வடிவம். நமக்கு வேண்டியது ஓடுகிற பாதத்தின் அசைவு. நண்பனிடம் போனைக் கொடுத்து, பின்னாலிருந்து கணுக்கால் உயரத்தில் ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டத்தின் தொடக்கத்தில் எடுத்துப் பயனில்லை. களைத்துப் போன கடைசிச் சுற்றில் எடுங்கள். பழைய ஷூ ஒரு முறை, புது ஷூ ஒரு முறை. சாய்வு இரண்டிலும் ஒன்றுபோல் இருந்தால் லேசானதை எடுங்கள். அளந்து பார்த்தபின் மிஞ்சுவது சௌகரியம். போட்டதும் காலுக்கு இதமாக இல்லாத ஷூ "பழகப் பழகச் சரியாப் போயிடும்" என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

நாளைக் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருப்பேன். தேர்வுக்கு ஓடுகிறவர்கள் இப்போது போடும் ஷூவோடு வாருங்கள். விடுதி மெஸ்ஸிலிருந்து தராசு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.