சென்னைக்கு எவ்வளவு நேரம்?
(ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



பெங்களூரிலிருந்து சென்னை எவ்வளவு தொலைவு என்று வினவினால் நம் வீட்டுச் சிறுவரும் விடை கூறுவர். சாலை வழியே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். புகைவண்டியில் சுமார் 360. விமானத்திலோ ஒரு மணி நேரம். (வண்டியில் புகை போய் நெடுநாளாயிற்று, பெயர் மட்டும் நம் நாவில் நிற்கிறது.) இக்கணக்கை நம்பி யாம் ஏமாந்த கதையையே இன்று சொல்ல வந்தோம்.

ஒரு புதன்கிழமை வைகறை நாலரை மணிக்கு, பெரம்பூரில் எம் தமக்கையார் காலமானார் என்ற செய்தி வந்தது. பகல் 12 மணிக்கு இராகு காலம், அதற்குள் எடுத்துவிடுவர். எம் இளவல் ஆறு மணி வண்டிக்கு ஓடினார். யாமோ விரைவை நாடி விமானச் சீட்டு வாங்கினோம். ஒன்பதரை மணி விமானத்தில்தான் இடம் கிடைத்தது.

சென்னை நமக்குக் கிழக்கே இருக்கிறது. விமான நிலையமோ வடக்கே தேவனஹள்ளியில். அல்சூர்வாசிகளாகிய நாம் முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாமல் வடக்கே சென்றுதான் கிழக்கே பறக்க வேண்டும். 2008 மே மாதம் வரை நம் பகுதிக்கு அண்மையில் இருந்த எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து விமானங்கள் புறப்பட்டன. அன்று அந்த ஒரு மணிக் கணக்கில் ஓரளவு உண்மை இருந்தது.

பத்தரைக்கு மீனம்பாக்கத்தில் இறங்கினோம். நகரைக் கடந்து பெரம்பூரை அடைந்தபோது மணி பன்னிரண்டேகால். வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தனர். பதினொன்றரைக்கே வந்துவிட்ட இளவல் தமக்கையாரின் முகத்தைக் கண்டு, உடன் சென்றிருந்தார்.

சாலையில் சென்றிருந்தால்? ஒசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியே ஆறேழு மணி நேரம். அதில் கணிசமான பொழுது சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள்ளேயே கழிந்துவிடும். 262 கிலோமீட்டருக்கு வகுக்கப்பட்ட விரைவுச்சாலையைப் பலர் புகழ்கின்றனர். அது தொடங்குவது ஒசக்கோட்டையில், முடிவது ஸ்ரீபெரும்புதூரில். இரு நகரங்களின் நெரிசலும் இருந்த இடத்திலேயே இருக்கும். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பேருந்துகள் எல்லையோடு நின்றன. அத்திப்பள்ளிக்கும் ஒசூருக்கும் இடையே மக்கள் குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்து நடந்தனர். அன்று 350 கிலோமீட்டரில் அச்சிறு தூரமே பெரிதாயிருந்தது.

1864-இல் தண்டவாளம் பெங்களூர் கண்டோன்மெண்டை எட்டியது. அவ்வழியே வந்து இங்கு வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பல. சென்னைக்கு அவ்வண்டி இன்று ஐந்து மணி நேரத்தை ஒட்டியே எடுத்துக்கொள்கிறது. நகரின் நடுவில் ஏற்றி, நகரின் நடுவில் இறக்குகிறது.

நம் சங்க வாயிலில் அறிவிப்புப் பலகை ஒன்று உள்ளது. சென்ற ஆண்டின் பட்டிமன்றத் தலைப்பு இன்னும் அதில் அழியாமல் இருக்கிறது. அதை அழித்துவிட்டு, விடியற்காலை வண்டிகளின் நேரத்தை எழுதி வைக்குமாறு செயலாளரை வேண்டுகிறோம்.