பின்பக்கம் உட்காரும் கார்கள்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



காலையில் பேஸ்மெண்டில் நடப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். இரண்டு கார்கள் பின்பக்கம் தாழ்ந்து நிற்கின்றன. ஸ்டார்ட் செய்ததும் ஓர் இரைச்சல், கொஞ்ச நேரத்தில் வண்டி எழுந்துவிடும். இரண்டுமே ஏர் சஸ்பென்ஷன் வண்டிகள். வெளியூர் போக "ஏர் பஸ்" கேட்டு ஏறுகிறோமே, அதே சங்கதிதான். வந்தே பாரத் ரயில் பெட்டிக்கு அடியிலும் இதுதான் இருக்கிறது. இரும்புச் சுருளுக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை. அதன் கீழ் மடிப்பு உருண்டு உருண்டு, மணலும் சேர்ந்து, நாளடைவில் வெடிப்பு விடும்.

ஓட்டினால் சரியாகிவிடுகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். அது வட்டி ஏறும் கடன். காற்று நிரப்பும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுவதற்குச் செய்யப்பட்டதல்ல. லீக்கை ஈடுகட்டியே சூடாகி ஒருநாள் நின்றுவிடும். அப்போது ஸ்பிரிங் செலவோடு கம்ப்ரஸர் செலவும் சேரும்.

முதலில் எங்கே கசிகிறது என்று பாருங்கள். வண்டி முழு உயரத்தில் நிற்கும்போது சோப்பு நீரைத் தெளித்தால் குமிழி வரும். மடிப்பில் வந்தால் ஸ்பிரிங் போய்விட்டது. குழாய் இணைப்பில் வந்தால் ஸ்பிரிங் வாங்க வேண்டாம், இணைப்பைச் சரிசெய்தால் போதும்.

பின்பக்க ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் அப்சார்பர் தனியாகவும் உள்ள வண்டியில், கை பழகியவர்கள் வீட்டிலேயே மாற்றலாம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வரும் முன்பக்க வகையை ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுங்கள் என்பது என் கருத்து. இரண்டு பக்கமும் ஒரே வயது என்பதால் ஜோடியாக மாற்றுவது நல்லது.

மாற்றும் வேலை சின்னதுதான். ஆபத்து அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. பல கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். அதனால் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். நம் ரேம்ப் பக்கம் வேண்டவே வேண்டாம். தூக்குவதற்கு முன் வண்டிப் புத்தகத்தில் சொன்னபடி உயரச் சீரமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாம் தூக்கத் தூக்க, வண்டி தானாகக் காற்றை விட்டோ ஏற்றியோ குழப்பும். புத்தகம் காட்டும் இடத்தில் ஸ்டாண்டு கொடுக்காமல், வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் தலையை நீட்டாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றிய பிறகும் பைக்குள் காற்று இருக்கும். சில வண்டிகளில் குழாயைக் கழற்றினாலும் ஒரு வால்வு கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்கேன் கருவி இருந்தால் அதன் மூலம் காற்றை வெளியேற்றுவதே மேல். இல்லாதவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு, நட்டை மெல்லத் திருப்பி, 'உஸ்' சத்தம் முழுக்க அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். குழாய் 4 அல்லது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்தான். முனை சிதைந்திருந்தால் பிளேடால் நேராக வெட்டுங்கள். பழைய இணைப்பைத் திரும்பப் போடாமல் புதியதைப் போடுங்கள். பை முறுக்கிக்கொள்ளாமல், மேலும் கீழும் அதனதன் இடத்தில் சரியாக உட்கார வேண்டும்.

புது ஸ்பிரிங் கெட்டுப்போவது பெரும்பாலும் இறக்கும்போதுதான். காற்றில்லாத பையின்மேல் வண்டியின் பாரம் விழுந்தால் ரப்பர் தாறுமாறாக மடிந்து கிழியும். பாதி பாரத்தை ஜாக்கி தாங்க, முதலில் காற்றை நிரப்பி, பை உருண்டு நிமிர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே முழுக்க இறக்கவும். அதற்கு எஞ்சின் ஓட வேண்டியிருக்கும். பேஸ்மெண்டில் எஞ்சினை ஓடவிட்டு வேலை செய்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையும் கிடையாது. ஆகவே இந்த வேலையை வாட்டர் டேங்க் பக்கத்துத் திறந்தவெளியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். கூட ஓர் ஆள் அவசியம்.

முடித்ததும் சக்கர நடுவிலிருந்து மேல் வளைவுவரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிவையுங்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன், மீண்டும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைந்திருந்தால் இணைப்பில் சோப்பு நீர்.

ஒரு ஜோடி ஸ்டாண்டும் சக்கரக் கட்டைகளும் என்னிடம் இருக்கின்றன. வேண்டுபவர்கள் வாங்கிக்கொள்ளலாம். நோட்டில் தேதியும் கையெழுத்தும் போட்டுத்தான் கொடுப்பேன், பேங்க் பழக்கம் விடவில்லை.