புல் நுனியில் காத்திருக்கும் நோய்

1994-ஆம் ஆண்டின் தொடக்கம். தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளியில் சிங்கங்களுக்கு வலிப்பு வந்தது. முகம் துடிக்கும், கால்கள் இழுத்துக்கொள்ளும், எழுந்து நிற்க முடியாது. சில மாதங்களுக்குள் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 1,000 சிங்கங்கள், மாண்டுபோயின. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ்தான் காரணம் என்று கண்டறிந்தார்கள். 2001-இல் பக்கத்து இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்திலும் சிங்கங்கள் இப்படியே மடிந்தன.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. சேமித்து வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, இதே வைரஸ் வேறு சில ஆண்டுகளிலும் இந்தச் சிங்கங்களிடையே பரவியிருந்தது தெரிந்தது. அப்போதெல்லாம் சாவு கூடவில்லை. அந்த இரண்டு முறை மட்டும் ஏன்?

லிண்டா மன்சன், கிரெய்க் பாக்கர் முதலியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. இரண்டு முறையும் கொள்ளைநோய்க்கு முன்னால் கடும் வறட்சி. மேய்ச்சல் இல்லாமல் எலும்பும் தோலுமாகிப்போன எருமைகளின் உடம்பெங்கும் உண்ணி மொய்த்தது. மழை திரும்பியதும் உண்ணிகள் இன்னும் பெருகின. தள்ளாடி விழுந்த எருமைகள் சிங்கங்களுக்குச் சுலபமான இரை. இறைச்சியோடு உண்ணியும் சேர்ந்து வந்தது.

உண்ணி சும்மா வருவதில்லை. பபேசியா என்ற ஒட்டுண்ணியைச் சுமந்து வருகிறது. அது ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து, பெருகி, அணுவை உடைத்து வெளியேறும். நம் ஊரில் மாடு சிவப்பாகச் சிறுநீர் கழித்தால் உண்ணிக் காய்ச்சல் என்று மருத்துவரை அழைக்கிறோமே, அதுவும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். சாதாரணமாக, சிங்கத்தின் ரத்தத்தில் பபேசியா கொஞ்சம் இருந்தாலும் உடல் அதை அடக்கி வைத்திருக்கும். டிஸ்டெம்பர் அந்த எதிர்ப்புச் சக்தியைத்தான் முறிக்கிறது. வைரஸ் கதவைத் திறந்துவிட, உண்ணி கொண்டுவந்த ஒட்டுண்ணி கட்டுக்கடங்காமல் பெருகியது.

வறட்சியோடு நிலமும் சேர்ந்துகொள்கிறது. உண்ணிக்குப் பறக்கவும் தெரியாது, தாவவும் தெரியாது. புல் நுனிக்கு ஏறி, முன்னங்கால்களை நீட்டிக் காத்திருக்கும். உரசிப்போகும் விலங்கைப் பற்றிக்கொள்ளும். உயரமான புல், ஈரம், மேய வரும் எருமைக் கூட்டம், இவை போதும் அதற்கு. இங்கோரோங்கோரோ பள்ளத்தில் குடியிருந்த மாசாய் மேய்ப்பர்களை 1974-இல் வெளியேற்றினார்கள். அவர்களுடைய மாடுகளின் மேய்ச்சலும் அவர்கள் புல்லுக்கு வைத்த தீயும் நின்றன. புல் ஓங்கியது, எருமை பெருகியது, உண்ணியும் பெருகியது. 2000–2001 வறட்சியில் 300-க்கும் மேற்பட்ட எருமைகள் செத்தன. அருகிவரும் கருப்புக் காண்டாமிருகங்களும் பபேசியாவுக்குப் பலியாயின. பிறகு அதிகாரிகளே திட்டமிட்டுப் புல்லை எரித்தார்கள்; உண்ணி குறைந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் மேய்ப்பர்களை அகற்றியபோது, அவர்கள் அந்த மண்ணுக்குச் செய்துவந்த வேலையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இது ஆப்பிரிக்காவோடு முடியவில்லை. ஆசியச் சிங்கங்கள் காட்டில் வாழ்வது குஜராத்தில் மட்டும்தான். 2018-இல் கிர் காட்டின் கிழக்குப் பகுதியில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. டிஸ்டெம்பர், பபேசியா இரண்டுமே கண்டறியப்பட்டன. உடனே தடுப்பூசி வரவழைத்துப் போட்டார்கள், நல்ல காரியம். ஆனால் ஊசி வைரஸைத்தான் தடுக்கும், உண்ணியை அல்ல. எல்லாச் சிங்கங்களையும் ஒரே வட்டாரத்தில் வைத்திருப்பது ஆபத்து என்பதால், சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றம் 2013-லேயே உத்தரவிட்டது. 2018-இல் அந்தச் சிங்கங்கள் சாகும்போதும் அந்த உத்தரவு நிறைவேறியிருக்கவில்லை.